பிரேக் மாரா

டிரைவர் அண்ணனுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். பிரேக். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே இங்கிலீஷ்காரனை வம்புக்கு இழுப்பார். நல்லவேளையாக, பூனாவில் நாங்கள் இருந்த போபோடியில் அப்போது இங்கிலீஷ்காரன் யாரும் மிச்சமில்லை. அதனால் அந்த வம்பெல்லாம் என் தலையில் விடிந்தது. நான் கண்டோன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் படித்தவன். அவர் கணக்கில் இங்கிலீஷ்காரனுக்கு நான்தான் வக்கீல்.

"இன்னாடா உங்காளு இவ்ளோ ஏழையா கீறான்? கண்ணாடி உடையுது. எலும்பு முறியுது. அப்பளம் நொறுங்குது. கயிறு அறுந்து போவுது. வெறகு பொளக்குது. அவனுக்கு எல்லாத்துக்கும் பிரேக்குதானாமே? எலும்பும் அப்பளமும் ஒண்ணாடா அவனுக்கு?"

பெயர் வேண்டாம். எங்கள் சந்தில் தமிழ் பேசுகிற எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன்தான். சிஞ்ச்வட்டில் மோட்டார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டினார். நானும் அங்கேதான், பிரஸ் ஷாப்பில். தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். எடுத்து வைத்து மறுபடி மிதிக்க வேண்டும். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நாலு வயது, அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கம். நான் பூனாவிலேயே பிறந்தவன். அவர் வந்து பதினைந்து வருஷமாகியும் வாயிலிருந்து வேலூர் போகவில்லை. ஆள் குட்டை. கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். சீட்டுக்கு அடியில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர் ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். அது சக்கரத்துக்குப் பட்டதைவிட மனிதர்கள் மேல் பட்டதுதான் அதிகம்.

நாங்கள் இரண்டு பேருமே டெம்பரரி. தொடர்ந்து இத்தனை நாள் வேலை செய்தவனைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே அந்த நாள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டைம் ஆபீஸில் கூப்பிட்டு ஒரு லெட்டர் கொடுப்பார்கள். சில நாள் வீட்டில் இரு, இந்தத் தேதியில் புது ஆளாக வந்து சேர்ந்துகொள். இதற்குப் பெயர் பிரேக். 'பிரேக் மிலா', பிரேக் கிடைத்தது என்று ஷாப்பில் ஒருவன் சொன்னால், மற்றவர்கள் அவன் வீட்டில் சாவு விழுந்த மாதிரி வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது மூன்று பிரேக் ஆகியிருந்தது. டிரைவர் அண்ணன் ஏழு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

லெட்டர் கைக்கு வந்த அன்றைக்கே அவர் எதையாவது உடைத்தாக வேண்டும். "அவன் ஒண்ணு உடைச்சா நான் ஒண்ணு உடைப்பேன்" என்பார். முதல் வருஷம் டைம் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி. அடுத்தது கேன்டீன் கான்ட்ராக்டரின் ஸ்டூல், அதுவும் கான்ட்ராக்டர் மேலேயே. ஒரு தடவை ரோட்டில் வழிவிடாத லாரிக்காரனின் மூக்கு. இன்னொரு தடவை ஒன்றும் அகப்படாமல், தன் கைக்கடிகாரத்தையே கழற்றிப் படிக்கட்டில் வைத்து ஸ்பேனரால் ஓங்கிப் போட்டார். இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

ஒன்றை மட்டும் அவர் சொன்னதில்லை. எனக்கு அண்ணி சொன்னாள். ஒரு லெட்டர் நாளில் வீட்டுக்கு வந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதில் கண்ணாடி வளையல் எல்லாம் உடைந்து கையில் ஏறிவிட்டது. ஏழு தையல். அதற்கப்புறம் அண்ணி கட்கி பஜாரில் ஒரு மண்பானை வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் வைத்தாள். லெட்டர் வந்தால் அவர் வாசலுக்கு வரும்போதே பானையை எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். அவர் அதை ஓங்கி உடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். மறுநாள் அவள் புதுப் பானை வாங்கி வருவாள். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கு அந்தத் தையல் தழும்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று வாங்கினேன். மறுநாள் ஷிப்ட் விடக் காத்திருந்தபோது பஸ்ஸில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஒண்ணேகால் பக்கம். வாக்குத் தவறினால் பிரேக். சிறையிலிருந்து தப்பினால் பிரேக். கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொன்னால் அதுவும் பிரேக். குதிரையைப் பழக்குவது, திருடன் வீட்டுக்குள் புகுவது, மேகம் கலைவது, குரல் கரகரத்துப் போவது எல்லாம் அதுவேதான். காலை நாஷ்டாவுக்கு அவன் சொல்கிற வார்த்தையிலும் முன்பாதி அதுதான் என்றேன், பட்டினியை முறிக்கிறானாம். அண்ணன் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டார். பொழுது விடிவதற்கும் அதே வார்த்தை என்றபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொழுதையுமாடா உடைக்கறான்?"

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன். வண்டியில் காலால் மிதிக்கிற பிரேக் வேறு, லெட்டரில் வருகிற பிரேக் வேறு, இரண்டுக்கும் எழுத்தே வேறு என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுத்து வேறயா இருந்தா இன்னா? வாயில ஒண்ணாதானே வருது. நிறுத்தறதுக்கும் உடைக்கறதுக்கும் ஒரே சத்தம் வெச்சவன் இன்னா பண்ணுவான்? நம்மள நிறுத்தணும்னா உடைப்பான். இது தெரியாம இத்தினி வருசம் நீ படிச்சுகினு இருந்தியா?"

அதற்கு மேல் பேசினால் பின்மண்டையில் ஒன்று விழும். விழுந்தது.

வார்த்தை தப்பினால் அவருக்குக் கை நீண்டுவிடும். அது ஏன் என்று எனக்குப் புரிந்தது, பிரஸ் ஷாப்பில் சாத்தாராக்காரர் ஒருவர் கை மெஷினில் போன அன்றுதான். அவர் மிதித்தது ஒரு தடவை, அச்சு இறங்கியது இரண்டு தடவை. வலது கையில் மூன்று விரல் மாட்டிக்கொண்டது. தகடும் ரத்தமுமாக அவரைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பஸ்ஸுக்கு ஓடினோம். கேட்டில் வாட்ச்மேன் அவுட் பாஸ் கேட்டான். டிரைவர் அண்ணன் ஸ்பேனரோடு இறங்கினார். நாலே அடியில் பூட்டு தெறித்தது. குறுக்கே வந்த வாட்ச்மேனுக்குக் காதோடு சேர்த்து ஒரு அறை. அவன் சுருண்டு விழுந்தான். பஸ் கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்கு நாக்கு குழறியது. விரல் பிரேக் ஆகிவிட்டது என்றேன். பின்னாலிருந்து அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"டேய்! அது உடையல, முறியல. நசுங்கிச்சு. நசுங்கிச்சுன்னு சொல்லு! முறிஞ்சதுன்னு நெனச்சு அந்தாளு கட்டு கட்டி அனுப்பிடப் போறான். முறிஞ்சா சேரும்டா. நசுங்கினதும் நொறுங்கினதும் சேராது. சரியா சொல்லு."

சரியான இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கை பிழைத்தது, விரல் மூன்றும் போயின. பூட்டை உடைத்ததற்காக அண்ணனுக்கு அந்த வருஷம் பிரேக் சீக்கிரமே வந்தது. அன்றைக்குப் பானை இரண்டு.

அதற்கடுத்த வருஷம் ஸ்டிரைக். கோரிக்கை ஒன்றுதான்: பிரேக் கொடுப்பதை நிறுத்து, டெம்பரரி எல்லாரையும் பர்மனென்ட் ஆக்கு. மூன்றாவது வாரம், பிரேக் லெட்டரில் கையெழுத்துப் போடுகிற பெர்சனல் ஆபீசர் வெளியூரிலிருந்து புது ஆட்களை இறக்கினார். அவர்களை பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுபோக ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, மூன்று நாள் வண்டியை உள்ளே கொண்டுவந்து விடு, நாலாவது நாள் உன் கையில் பர்மனென்ட் ஆர்டர் என்றார். அண்ணன் சரி என்றுவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சந்து முனை டீக்கடையில் அவரை மறித்தேன்.

"எட்டு வருஷம் எங்களோட சேர்ந்து உடைபட்டே. இப்போ எங்களையே உடைக்க வர்றியா ணா?"

"ஆமாண்டா, எட்டு வருசம்" என்றார். "எட்டு வருசமா புதுசு புதுசா பொறந்துகினே கீறேன். ஒரு வாட்டியாவது உசிரோட இருந்து பாக்கறேன்டா. வழிய விடு."

விடவில்லை. எச்சில் துப்பினேன், அவர் காலடியில்தான். மறு விநாடி என் வாயில் இடி இறங்கியது. முன்பல் ஒன்று பாதியாகப் போய்விட்டது. பல் விஷயத்தில் உடைந்தது என்பதுதான் சரியான வார்த்தை, அவரே ஒத்துக்கொள்வார். நான் வாயில் ரத்தத்தோடு, நாளைக்கு பஸ் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் காலை கேட் முன்னால் நூற்றுக்கணக்கில் கூட்டம். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ரோட்டில் குறுக்கே படுத்துவிட்டோம். நான் ஓரத்தில் இருந்தேன். முதுகுக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி, பிரஸ் ஷாப்பிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்தது. பஸ் வந்தது. ஜன்னல்களில் கம்பி வலை கட்டியிருந்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஆபீசர் நின்றிருந்தார். "ருக்னா நஹீ! சலாவ்! சலாவ்!" என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. நிறுத்தாதே, ஓட்டு.

பஸ் வேகம் குறையவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உருண்டு எழுந்து ஓடினார்கள். நான் எழவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, கால் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். டயர் ரோட்டில் தேய்கிற சத்தம் காதைக் கிழித்தது, ரப்பர் தீய்ந்த நாற்றம் அடித்தது. கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் என் செருப்பின் மேல் நின்றிருந்தது. செருப்புக்குள் கால் இல்லை, அவ்வளவுதான் இடைவெளி.

அவர் பிரேக் போட்டதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. கொல்ல வந்தான் என்றுதான் தோன்றியது. கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. டிரைவர் பக்கத்துக் கதவை முதலில் திறந்தது நான்தான். பத்துக் கை சேர்ந்து அவரை இழுத்துக் கீழே போட்டது. ஒருவன் வயிற்றில் உதைத்தான், ஒருவன் முகத்தில் மிதித்தான். அவருடைய ஸ்பேனராலேயே ஒருவன் முதுகில் அடித்தான். அவர் வலது கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் கம்பியை ஓங்கி அந்தக் கையில் இறக்கினேன். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. முதல் அடியில் சத்தம் கனமாக இருந்தது. மூன்றாவதில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்போது அவர் கையை விலக்கி என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால் நன்றாகவே பார்த்தார்.

பிறகு போலீஸ் தடி. எனக்கு மண்டை பிளந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் அடுத்தடுத்த பெஞ்சில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். என் தலையில் கட்டு. அவர் கையில் பலகை வைத்துத் துணி சுற்றியிருந்தது, துணி நனைந்துகொண்டே இருந்தது. ஒரு கான்ஸ்டபிள் நோட்டைப் பிரித்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். கூடவே ஆபீசரும் வந்தார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. ஆபீசர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"உன் பர்மனென்ட் ஆர்டர். கூட்டம் மறித்துக்கொண்டதால் நின்றதாகச் சொல். அடித்தவன் பெயர் ஒன்றைச் சொல், போதும். கையெழுத்துப் போட்டு இங்கேயே கொடுத்துவிடுகிறேன்" என்றார் ஹிந்தியில்.

கொலை முயற்சி வழக்கு என்று கான்ஸ்டபிள் சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து ஓடலாமென்றால் வாசலில் இன்னொரு போலீஸ்காரர். அம்மா முகம் ஞாபகம் வந்தது. பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் அவருக்குத் தெரியும், என் அப்பா பெயர் தெரியும், வீட்டு நம்பர் தெரியும்.

"போல். கிஸ்னே மாரா?" யார் அடித்தது?

டிரைவர் அண்ணன் வீங்கிய உதட்டை நக்கிக்கொண்டார்.

"மைனே மாரா, சாப்."

நான் அடித்தேன் என்கிறாரே என்று கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். "க்யா மாரா?" எதை அடித்தாய்?

"பிரேக் மாரா."

வண்டியை நிறுத்துவதை அங்கே 'பிரேக் மாரா' என்பார்கள். நாம் பிரேக் அடித்தேன் என்பது போலத்தான். தானேதான் பிரேக் அடித்ததாகவும், அடித்த வேகத்தில் கதவு திறந்து ரோட்டில் விழுந்ததாகவும், வேறு யாரும் தன் மேல் கை வைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். ஆபீசர் இரண்டு தடவை குறுக்கிட்டார். கூட்டம்தானே மறித்தது, நீயாக எப்படி நிறுத்துவாய், யோசித்துச் சொல் என்றார். அண்ணன் மறுபடியும் அதையே சொன்னார். மைனே மாரா சாப், பிரேக் மாரா. கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். ஆபீசர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டிரைக் முடிந்தது. ஒப்பந்தத்தில் முப்பது டெம்பரரிகளைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். அதில் நான் ஒருவன். டிரைவர் அண்ணனுக்கு வந்தது ஒரு லெட்டர். படித்துச் சொல்ல என்னைத்தான் வரச்சொன்னார். போகாமல் இருக்க ஆயிரம் சாக்கு யோசித்துவிட்டு, ஒரு மத்தியானம் போனேன்.

எல்லாப் பழைய லெட்டர்களையும் போலத்தான் இருந்தது. அதே டைப், அதே கையெழுத்து. வண்டியைத் தன்னிச்சையாக நிறுத்தியதாக நீங்களே போலீஸில் சொல்லியிருப்பதால், என்று ஒரு வரி மட்டும் புதிது. படித்துச் சொன்னேன்.

"திரும்ப சேர்ற தேதி இன்னா போட்டுகீது?"

தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

"கோடுதான் ணா போட்டிருக்கு."

அவர் தலையாட்டினார். அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து மண்பானையை எடுத்து வந்து நடுவீட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். அண்ணன் பானையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். கட்டுப் பிரித்து ஒரு மாதமாகியிருந்தது. முழங்கைக்குக் கீழே அது கோணிக்கொண்டு நின்றது, விரல்கள் மூடவில்லை. டாக்டர், இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம்.

"நீ உடைடா" என்றார். "லெட்டர் வந்தா ஒண்ணு உடைக்கணும்ல. எனக்குத்தான் கை இல்லியே."

பானையை எடுத்தேன். தலைக்கு மேலே தூக்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"நான் ஏற்கெனவே உடைச்சுட்டேன் ணா. உன் கைய உடைச்சது நான்தான்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய் மணிக்கட்டுத் தழும்பைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் முகத்தைச் சுளித்தார். பஸ்ஸில் நான் வார்த்தையைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் சுளிப்பாரே, அதே சுளிப்பு. பின்மண்டையில் ஒன்று விழும் என்று குனிந்தேன். விழவில்லை.

"உடைக்கலடா" என்றார். "முறிக்கவும் இல்ல. முறிஞ்சிருந்தா சேந்திருக்கும். நொறுக்கிட்ட."

இடது கையை நீட்டி என்னிடமிருந்து பானையை வாங்கினார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்து எழுந்துபோய் அண்ணியிடம் கொடுத்தார்.

"இந்தாம்மே, இதுல தண்ணி ஊத்தி வை. இனிமேட்டு லெட்டர் வராது."